எடைமேடையில் அருஞ்சொற்பொருள்

பத்ராஸ் துறைமுகத்தில் எனக்கு இரவு வேலை.
லாரி ஏறும், எண் நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன், லாரி இறங்கும்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே
ஆறு வரி படிக்கலாம். மழை நாளில் பத்து.

புத்தகம் என் மகள் ஃபோதினியுடையது,
தேர்வுக்கு வாங்கியது.
முப்பத்தொன்றாம் பக்கம் வரை
ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் பொருள் எழுதியிருக்கிறாள்.
அதற்குப் பிறகு வெள்ளை ஓரம்.
ஸ்டுட்கார்ட்டில் தட்டு கழுவப் போய்விட்டாள்.
முப்பத்திரண்டிலிருந்து நான்.

எங்கள் மொழிதான்,
இரண்டாயிரத்து நானூறு ஆண்டு முந்தியது.
தெரிந்த முகம் போல எதிரே வந்து
பெயரைக் கேட்டால் வேறு ஆள்.

முதலில் கற்றவை அலறல்கள்.
ஓதொதொதோய். அயய். ஃபெவ்.
அகராதி கைவிரித்துவிட்டது: துயரக் குறிப்பு என்கிறது, அவ்வளவுதான்.
அரைப் பக்கம் முழுக்க அதுவாகவே இருந்த இடங்களை
மளமளவென்று படித்தேன்.
தேறிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மற்றவற்றை எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதி
கூண்டின் கண்ணாடியில் ஒட்டினேன்.

ஆலொகோ: எங்களுக்குக் குதிரை.
அவர்களுக்கு, பேச்சில்லாதது.

ஃபார்மகோ: பச்சைச் சிலுவை எரியும் கடையில் விற்பது.
நாடகத்தில் நஞ்சும் அதுவே.
இதில் வியப்பென்ன?
மருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால்
எந்த மருந்து என்று யார் கேட்கிறார்கள்?

துல்யா: வேலை.
அழுத்தத்தை ஓர் அசை முன்னுக்குத் தள்ளினால்
துலீயா: அடிமைத்தனம்.
துல்யாவுக்குக் கிளம்பிட்டேன் என்று
இருபது வருடமாகச் சொல்லித்தான் கதவைச் சாத்துகிறேன்.
அன்றிரவு நாக்கு ஒருகணம் தடுக்கிற்று.

க்சேனோஸ்: விருந்தாளி, அந்நியன், இரண்டும்.
இன்றும் ஓட்டல் பெயர்ப்பலகைக்குள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.
துறைமுக வேலிக்கு அந்தப்பக்கம் மற்றவன்.

ஓட்டுநர் பனூசிஸ் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்:
"ஸ்தமாத்தியா, ரொட்டி, சாவி, பஸ்,
இதெல்லாம் அதில் கிடையாதா?"
தேடிப் பார்த்தேன். சாவி இருந்தது.
பிணத்துக்கு நாலு சொல் இருந்தது.
ரொட்டிக்கு இன்னும் காத்திருக்கிறேன்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் இகேதிஸ்.
தஞ்சம் கேட்பவன்.
கம்பளி நூல் சுற்றிய ஒலிவக் கிளையோடு
பலிபீடத்தில் வந்து உட்காருகிறான்.
கைவைத்து இழுத்தால் ஊருக்கே ஆகாது.
வேர்ச்சொல்லைப் பார்த்தேன்.
தஞ்சமும் இல்லை அதில், கண்ணீரும் இல்லை.
வந்து சேர்ந்தவன். அவ்வளவே.

பிப்ரவரி. விடியற்காலை நாலு பத்து.
அன்கோனா கப்பலுக்கு ஆரஞ்சு.
ஏற்றிய இடத்துச் சீட்டில்
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றிருபது.
என் திரையில் நானூற்றெண்பது.
என் தராசுக்கு இருபதுக்குக் கீழே எண்ணத் தெரியாது;
மூன்று படி ஏறியிருந்தது.
ஆரஞ்சு வழியில் காய்ப்பதில்லை.

கூண்டைவிட்டு வெளியே வந்தேன்.
தார்ப்பாய்க் கிழிசலில் வெள்ளையாய் ஒரு நூல்.
நூல் இல்லை, போன் சார்ஜரின் ஒயர்.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
மெல்ல உள்ளே போயிற்று.

வித்தியாசம் இருந்தால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
பேனாவை எடுத்தால்
வருவதெல்லாம் நாடகத்துச் சொற்கள்.
அதிகாரிகளிடம் அகராதி கிடையாது.
"தார்ப்பாய் நனைந்தது" என்று எழுதினேன்.
மூன்று நாளாக மழை இல்லை.

பனூசிஸ் சீட்டைப் படித்தான்.
வானத்தை ஒருமுறை பார்த்தான்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
கப்பல் ஐந்தரைக்கு.

இது நடந்து பதினோரு நாள்.
ஒருவரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை,
அதற்கு என்ன பொருள் என்றும் தெரியவில்லை.
நான் நாற்பத்தேழிலேயே நிற்கிறேன்.
பீடத்திலிருந்து அவனை இழுத்தார்களா என்று அறிய
ஒரு தாளைப் புரட்டினால் போதும்.
வெளியே பன்னிரண்டு சக்கரம் ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.